பாதித் தண்ணீர் நான் ஊற்றியது

நான் என்னவெல்லாம் கட்டினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லப்போவதைக் கேட்டபின் யாரும் இதை நம்ப மாட்டீர்கள்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில், தோணிரேவுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குப்பத்தில் முதல் மாடிவீடு நான் கட்டியது. (மாடிப்படி கொஞ்சம் பக்கத்து வீட்டுக்காரன் இடத்தில் இறங்கும். அது கொத்தனார் செய்த தப்பு.) இரண்டு பைபர் படகு வாங்கினேன். இறால் ஏற்ற வரும் வண்டி நிற்க ஒரு கொட்டகை போட்டேன். அம்மன் கோயில் மண்டபத்துத் தூணில் என் பெயர் இருக்கிறது. அம்மன் பெயரை விடக் கொஞ்சம் பெரிய எழுத்தில். புயலில் கட்டுமரத்தைப் பறிகொடுத்து, இரவல் வலையில் தொடங்கியவன் நான். படிப்பு மூணாங்கிளாஸ். அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டுக்கு மீன் கொண்டுபோனதில் கழிந்தது.

இப்பேர்ப்பட்ட நான், பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் இருந்த ஒயின்ஷாப்பைத் தாண்டி ஒரு நாளும் நடந்ததில்லை. புயலைத் தாண்டிய கால், அந்த ஒரு வாசலில் தானாக நின்றுவிடும்.

எங்கள் ஏரியில் ஒரு முறை உண்டு. இறால் நன்றாக விழும் இடங்களில் எல்லோரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது. ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று பிரித்துக் கொடுக்கும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். எங்கள் குப்பத்தில் ஒரு கட்டுப்பாடும் உண்டு: பாடு பிரிக்கும் கூட்டத்துக்குக் குடித்துவிட்டு வந்தவனுக்கு அந்தச் சுற்றில் பாடு கிடையாது. வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் எல்லோரும் கரையில் உட்கார்ந்து அடுத்தவன் வலையில் துள்ளும் இறாலை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

என் புண்ணியத்தில் எங்கள் வீடு ஒரு சுற்று அப்படி உட்கார்ந்தது.

தீர்ப்புச் சொன்ன ஊர்த் தலைவர் மாசிலாமணி வேறு யாருமில்லை, என் மனைவி தேசம்மாவின் கூடப் பிறந்த அண்ணன். அன்று தேசம்மா அழவில்லை, கத்தவில்லை. மிக்சியைத் துணியில் சுற்றி வாசலில் வைத்தாள். "அடுத்த தபா பாடு போச்சுன்னா, நானும் இதுவும் எங்க அண்ணன் ஊட்டுக்குப் போயிடுவோம்" என்றாள். அண்ணன் வீடு நான்கு வீடு தள்ளித்தான். ஆனால் தேசம்மா போனால் திரும்ப மாட்டாள். அது எனக்கும் தெரியும், மிக்சிக்கும் தெரியும்.

சரி, குடியைக் குறைப்பது என்று முடிவு செய்தேன். ஆஸ்பத்திரி நர்ஸம்மா, வாருங்கள், டாக்டர் பார்த்துப் பக்குவமாகக் குறைக்கச் சொல்லித் தருவார் என்று ஆள் அனுப்பினார். இன்ஜினியர் இல்லாமல் மாடிவீடு கட்டியவனுக்கு டாக்டர் எதற்கு என்று சொல்லி அனுப்பினேன். (திடீரென்று அடியோடு நிறுத்தியிருந்தால் வலிப்பு வந்து போய்ச் சேர்ந்திருப்பாய் என்று அதே நர்ஸம்மா பின்னால் திட்டினார். மாடிப்படி எங்கே இறங்குகிறது என்று அவருக்கும் தெரியும்.)

எனக்குத் தெரிந்த முறை பாடுதான். அதனால் என் குடிக்கும் பாடு பிரித்தேன். ஒரு நாள் பிராந்திக்கு, மறுநாள் வயிற்றுக்கு. ஏரியில் ஒருவருக்கு அவசரம் என்றால் நாளை மாற்றிக்கொள்வது உண்டு. நானும் என் வயிற்றிடம் கேட்டேன், அது பெருந்தன்மையாக மாற்றிக் கொடுத்தது. முதல் வாரம் முடிவதற்குள் பொங்கல் வரைக்கும் உள்ள நாளையெல்லாம் கடன் வாங்கிக் குடித்து முடித்திருந்தேன்.

அதன் பிறகுதான் என் மூளையில் அந்தப் பெரிய யோசனை உதித்தது. வலைக் கொட்டகையில், பழைய தெர்மாகோல் பெட்டிக்குள், கிழிந்த வலைக்கு அடியில் என் பாட்டில் இருக்கும். யாருக்கும் தெரியாது என்பது என் நம்பிக்கை. ஒரு கிளாஸ் எடுத்தால், எடுத்த அளவு தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி நிரப்பிவிட வேண்டியது. நிறம் வெளுத்ததும் கொஞ்சம் புதுச் சரக்கு சேர்த்துக்கொள்ளலாம். உடம்புக்கே தெரியாமல் உடம்பை ஏமாற்றுகிற வித்தை.

ஆச்சரியம் என்னவென்றால், எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அந்தச் சரக்கு வெளுக்கவே இல்லை. முதலில் கொஞ்ச நாள் கை நடுங்கியது, வேர்த்தது, தூக்கம் பிடிக்கவில்லை. பிறகு அதுவும் அடங்கியது. வஞ்சனையில்லாமல் சாப்பிட்டேன். வலை ஊசியில் ஒரே குத்தில் நூல் கோத்தேன். எல்லாம் அந்த பிராந்தியின் உசத்தி என்று நினைத்தேன். என் மகன் மதியிடமே, "சரக்குன்னா இதான்டா சரக்கு. எத்தினி தண்ணி ஊத்துனாலும் கலர் எறங்கல பாரு" என்று பெருமை அடித்தேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பையனுக்கு அப்பன் மேல் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த பாடு பிரிக்கும் நாள் வந்தது. மழை பெய்து முகத்துவாரம் திறந்திருந்தது. இறால் ஓடுகிற காலம். அந்தச் சுற்றில் பாடு கிடைத்தால் வீடு நிமிர்ந்துவிடும், போனால் மிக்சி போய்விடும். காலையில் வாயில் ஒரு சொட்டு வைக்கக் கூடாது என்று அம்மன் மேல் சத்தியம் செய்திருந்தேன். ஆனால் வேட்டியைக் கட்டும்போதே பயம் பிடித்துக்கொண்டது. பயம் தெளிய அரை கிளாஸ் என்று கொட்டகைக்குள் போனேன். அரை கிளாஸ் தனியாக இருக்க வேண்டாமே என்று இன்னொரு அரையும் போயிற்று.

கோயில் மண்டபத்தில் ஊர் கூடியிருந்தது. பானைக்குள் சீட்டு. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், குடித்துவிட்டோமே என்ற நினைப்பு தலைக்கு ஏறியது. நினைப்போடு போதையும் ஏறியது. கண் சொருகியது. நாக்கு தடித்தது. மச்சான் பானையில் கை வைத்ததும் எழுந்து, "மச்சான், உன் வலையில செருப்பைத் தவிர இன்னா மாட்டிக்கீது? நீயெல்லாம் பாடு பிரிக்கிற ஆளா?" என்று கேட்டேன். அதோடு விட்டிருக்கலாம். தூணைக் காட்டி, இந்த மண்டபத்தில் உட்கார எனக்கு வாடகை கொடு என்றேன். ஒரு பாட்டும் பாடினேன். ஆடும்போது வேட்டி காலில் சிக்கி, பானை மேலேயே விழுந்தேன். பானை உடைந்து, ஊருடைய பாடெல்லாம் என் முதுகுக்கு அடியில் கிடந்தது.

மச்சான் கோபப்படவில்லை. கட்டுப்பாட்டுப்படி குனிந்து, "மாப்ள, ஊது" என்றார்.

ஊதினேன். முகர்ந்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மறுபடி முகர்ந்தார். பக்கத்துப் பெரியவரையும் முகரச் சொன்னார். அவர் யோசித்துவிட்டு, "இன்னாப்பா, டீ வாசனை வருது" என்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்து தேசம்மா எழுந்தாள். "அண்ணா, எங்க ஊட்டு ஆளு குடிக்கல. பாட்டில்ல இருக்கிறது டீ டிக்காஷன். தெனம் காலையில நான்தான் போட்டு ஊத்துறேன். கொஞ்சம் கொஞ்சமா சரக்க எடுத்துட்டு அத ஊத்தி வச்சேன். இப்ப அதுல சரக்குங்கிறதே கெடையாது."

மதி ஓடிப்போய் பாட்டிலைக் கொண்டுவந்தான். மச்சான் ஒரு வாய் குடித்தார். "சக்கரை கம்மி" என்றார்.

ஊர் சிரித்த சிரிப்பில் கோயில் புறா எல்லாம் பறந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு மனிதன் போதையில் உளறினால் ஊர் மறந்துவிடும். தேநீரில் உளறினால் பேரன் காலம் வரைக்கும் சொல்லும். ஆகவே உலகத்தில் எந்தக் குடிகாரனும் செய்யாத காரியத்தைச் செய்தேன். மார்பைத் தட்டி, "அவ பொய் சொல்றா. நான் ஃபுல் போதையில கீறேன்" என்றேன்.

மதி என் காதோரம் வந்து, "நைனா, போதைன்னு ஒத்துக்கினா பாடு போயிடும்" என்றான்.

தேசம்மா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மிக்சியை வாசலில் வைத்த அன்று பார்த்த அதே பார்வை. எத்தனை விடியலில் எனக்கு முன்னால் எழுந்து, அடுப்பு மூட்டி, டிக்காஷன் இறக்கி, ஆறவைத்து, திருடி மாதிரி கொட்டகைக்குப் போயிருப்பாள் என்று அப்போதுதான் தோன்றியது. ஒரு பக்கம் தூணில் என் பெயர். ஒரு பக்கம் அவள்.

"டீதான் குடிச்சேன் மச்சான்" என்றேன். அதுவரை என் வாயிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வந்ததில்லை.

பாடு தப்பிப் பிழைத்தது. சீட்டை என் முதுகிலிருந்து பொறுக்கி எடுத்துப் போட்டார்கள். முகத்துவாரத்துக்குப் பக்கத்து இடமே எங்களுக்கு விழுந்தது. ஆனால் தெளிந்த புத்தியோடு ஊரைத் திட்டியதற்கு மச்சான் தனியாக ஒரு தீர்ப்பு வைத்தார்: இனிமேல் பாடு பிரிக்கும் நாளிலெல்லாம் கூட்டத்துக்கு நான்தான் டீ போட்டு ஊற்ற வேண்டும்.

இன்றைக்கும் ஊற்றுகிறேன். வாங்கிக் குடிக்கிற ஒவ்வொருவனும் இரண்டு அடி தள்ளாடிக் காட்டிவிட்டுத்தான் உட்காருவான். எங்கள் வீட்டில் மருமகள் டீ கொண்டுவந்தால், "மாமா, ஊறுகா வேணுமா?" என்று கேட்கிறாள். உடம்பு எனக்குச் சொல்லாமலே குடியை விட்டுவிட்டிருந்தது. நடுவில் ஒன்றிரண்டு தரம் சறுக்கினேன். அப்போது கௌரவம் பார்க்காமல் நர்ஸம்மாவிடம் போய் நின்றேன். இப்போது ஒயின்ஷாப்பைத் தாண்டித்தான் பஸ் ஏறுகிறேன்.

எனக்கு ஒரே ஒரு வருத்தம். தேசம்மாதான் புருஷன் குடியை நிறுத்தினாள் என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள். டிக்காஷன் அவளுடையது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டிலில் நிறைந்த தண்ணீரில் பாதி, என் கையால், என் புத்தியால், யார் தூண்டுதலும் இல்லாமல் நானே ஊற்றியது. ஏரியையே இடம் பார்த்து, நாள் பார்த்து நியாயமாகப் பிரிக்கிற ஊர் இது. இந்தப் பெருமையையும் சரிபாதியாகப் பிரித்து, என் பங்கை என் பெயரில் சொல்ல வேண்டும். தூணில் இன்னும் இடம் இருக்கிறது.