ஐம்பத்தாறு வயதுக்காரர்

இந்த உலகத்தில் நீதிபதிகள் இரண்டு வகை. சட்டம் படித்து, பரீட்சை எழுதி, இரண்டு பக்கத்தையும் கேட்டு, தலைமயிர் நரைத்த பிறகும் "இதை யோசிக்கவேண்டும்" என்று சொல்கிறவர்கள் ஒரு வகை. மற்ற வகைக்குப் பரீட்சையும் கிடையாது, யோசனையும் கிடையாது. செய்தியின் தலைப்பைப் படித்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அதன் கீழே முன்பின் தெரியாத நாலு பேர் எழுதியதை மேய்ந்து, பஸ் அடுத்த தரிப்பில் நிற்பதற்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்து, தண்டனையும் விதித்து, மேன்முறையீட்டையும் தள்ளுபடி செய்துவிட்டு இறங்கிப் போகிறவர்கள் இவர்கள். சம்பளம் வாங்காமல் செய்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

டென்மார்க்கில் சில்க்போர்க் நகரத்துக் கிறிஸ்துராஜா இந்த இரண்டாம் வகையில் ஒரு மூத்த உறுப்பினர். பகலில் யன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை, ஞாயிறில் சபையில் காணிக்கைத் தட்டு, மிச்ச நேரமெல்லாம் நீதி. சென்னையில் ஒரு நடிகர் கைதாகட்டும், கொப்பன்ஹேகனில் ஒரு வங்கிக்காரர் பிடிபடட்டும், முதல் தொலைபேசி அழைப்பு இவரிடமிருந்துதான் வரும். "நான் அண்டைக்கே சொன்னனான்" என்றுதான் தொடங்குவார். என்றைக்குச் சொன்னார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அவருடைய சாட்சியச் சட்டமும் எளிமையானது. குற்றம் சாட்டப்பட்டவன் அழுதால் நடிக்கிறான். அழாவிட்டால் கல்நெஞ்சன். வழக்கறிஞர் வைத்தால் மறைக்க ஏதோ இருக்கிறது. வைக்காவிட்டால் ஒத்துக்கொண்டுவிட்டான். விடுதலையானால்? காசு விளையாடியிருக்கிறது. இந்த வலையிலிருந்து ஒரு பச்சைக் குழந்தையாவது தப்பமுடியுமா, சொல்லுங்கள்.

டெனிஷ் பத்திரிகைகளில் மட்டும் அவருக்கு ஒரு குறை உண்டு. தீர்ப்பு வரும்வரை பெரும்பாலும் பெயர் போடமாட்டார்கள். "ஐம்பத்தாறு வயதுடைய ஒருவர்" என்று எழுதி நிறுத்திக்கொள்வார்கள். உங்களுக்கும் எனக்கும் அது மூடிய கதவு. கிறிஸ்துராஜாவுக்கு அது குறுக்கெழுத்துப் போட்டி. அதுவும் நம்மவர்களை வைத்து விளையாடுவது தனிச் சுகம், ஏனென்றால் இங்கே நம்மவர்களில் பலருக்கு இரண்டு வயது: தாய் பெற்ற வயது ஒன்று, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிய ஏஜென்சிக்காரன் பாஸ்போர்ட்டில் பெற்ற வயது இன்னொன்று. ஆகவே பத்திரிகை எந்த வயதைப் போட்டாலும் அது யாராவது ஒரு தமிழருக்குப் பொருந்தியே தீரும்.

இப்படியிருக்கையில், ஏரிக்கரையில் நின்ற இறைச்சிச் சொசேஜ் விற்கும் வண்டி ஒருநாள் விடியும்போது எரிந்து கிடந்தது.

ஒரு மாநகரம் எரிந்திருந்தாலும் இவ்வளவு செய்தி வந்திருக்காது. ஊர்ப் பத்திரிகை கரிந்த வண்டியை நாலு திசையிலிருந்தும் படம் பிடித்துப் போட்டது. யாரோ ஒருவர் அந்த இடத்தில் மெழுகுதிரி கொளுத்திவைத்தார். அடுத்தவர் பூங்கொத்து வைத்தார். மூன்றாமவர் கடுகுச் சாந்துப் போத்தல் ஒன்றை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார், அவரைப் பேட்டி கண்டார்கள். இணையத்தில் கொலைக்குற்றவாளிக்குக்கூட யாரும் கேட்காத தண்டனைகளைக் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்துச் செய்தி வந்தது: உணவுத் தொழிலில் உள்ள ஐம்பத்தாறு வயதுடைய ஒருவர்மீது வழக்குத் தொடரப்படும்.

கிறிஸ்துராஜா கோப்பையைக் கீழே வைத்தார். அவருடைய சபையில் ஸ்ரிபன் என்று ஒருவர் இருந்தார். முதுகு நோவால் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, பிறந்தநாளுக்கும், பிள்ளைகளைச் சபையில் உறுதிப்படுத்தும் கொன்ஃபர்மேஷனுக்கும் றோல்ஸும் கட்லட்டும் செய்துகொடுத்துச் சீவிக்கிறவர். உணவுத் தொழில். சொசேஜ் விற்றால் றோல்ஸ் விற்குமா? ஆகவே பகை. காரணம் கிடைத்தது, ஆள் கிடைத்தது, வயது மட்டும்தான் மிச்சம்.

"ஸ்ரிபன் தம்பிக்கு ஐம்பத்துநாலெல்லோ," என்றார் மனைவி இன்பமலர். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். ஒவ்வொருவருடைய வயதும் மருந்தும் பாடம்.

"அது பாஸ்போட் வயசு. உண்மையான வயசு ஐம்பத்தாறு."

"பேப்பர்காரனுக்கு உண்மையான வயசு எப்பிடியப்பா தெரியும்?"

"பொலிஸ் விசாரிச்சிருக்கும்," என்றார் கிறிஸ்துராஜா.

அதோடு வழக்கு முடிந்தது. பெயரை வெளியிடுவது சட்டவிரோதம் என்பதால் அவர் சபையின் வாட்சப் குழுவில் பெயரை எழுதவில்லை. "றோல்ஸ் சுத்தின கை ஒண்டு நெருப்பும் வைச்சிருக்கு. ஆரெண்டு நான் சொல்லமாட்டன்" என்று மட்டும் எழுதினார். சட்டத்தின்மீது அவ்வளவு மரியாதை. மறுநாள் ஒரு கொன்ஃபர்மேஷன் வீட்டுக்காரர் ஸ்ரிபனிடம் கொடுத்திருந்த ஓடரை நிறுத்தினார். அந்தக் கிழமையே ஒரு பிறந்தநாள் வீடு, பிறகு ஒரு கலியாண வீடு. சபைத் தேநீரில் றோல்ஸ் இருந்த தட்டில் கடைப் பிஸ்கட் வந்து உட்கார்ந்தது. ஸ்ரிபன் தன் எண்ணெயில் ஏதோ பிழை என்று நினைத்து எண்ணெயை மாற்றினார். கோழிக்குப் பதிலாக மீன் வைத்துப் பார்த்தார். கடைசியில் யாரோ இரக்கப்பட்டுக் காரணத்தைச் சொன்னபோது, முதலில் சிரித்தாராம். பிறகு சிரிக்கவில்லை.

இனிமேல்தான் நீங்கள் நம்ப மறுக்கும் இடம் வருகிறது. டென்மார்க்கில் குற்ற வழக்குகளில் நீதிபதிக்கு இரு பக்கமும் சாதாரணக் குடிமக்கள் இருவரை உட்காரவைப்பார்கள். டொம்ஸ்மன்ட் என்று பெயர். சட்டம் தெரியவேண்டாம், நிதானம் போதும். நீதிபதிக்கு ஒரு வாக்கு என்றால் இவர்களுக்கும் ஆளுக்கொரு வாக்கு. கிறிஸ்துராஜா இதற்குத் தன் பெயரைக் கொடுத்திருந்தார், தெரிவும் ஆகியிருந்தார். திறமையைக் கடைசியில் அரசாங்கம் கண்டுகொண்டது என்று அவர் நினைத்ததில் என்ன வியப்பு? பக்கத்து நகரத்து நீதிமன்றம் அழைத்த நாளில், மகள் ஜெனனியின் கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். வழக்கு சொசேஜ் வண்டி வழக்கு என்று காலைக் கோப்பி மேசையில்தான் தெரிந்தது. ஸ்ரிபனைத் தெரியும் என்று எழுந்து சொல்வதா, வேண்டாமா என்று யோசித்தார். ஆள் உள்ளே வரட்டும், முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வோம் என்று முடிவு செய்தார்.

ஆள் உள்ளே வந்தார். பொன் மீசை வைத்த, ஆறடி உயர டெனிஷ்காரர். எரிந்த வண்டியின் சொந்தக்காரரே அவர்தான். காப்புறுதிப் பணத்துக்காகத் தன் வண்டிக்குத் தானே தீ வைத்தார் என்று வழக்கு. வயது, பிறப்புப் பதிவின்படியே ஐம்பத்தாறு.

குற்றம் சாட்டப்பட்டவரை உங்களில் யாருக்காவது தெரியுமா என்று நீதிபதி கேட்டார். நிதானமான, களைத்த முகம் கொண்ட பெண்மணி அவர். கிறிஸ்துராஜா மனச்சாட்சியைத் தொட்டு, தெரியாது என்றார். பிறகு அரச வழக்கறிஞர் காமெராப் பதிவைப் போட்டுக் காட்டினார். அதில் வண்டியின் சின்னம் பொறித்த ஜாக்கெட் போட்ட ஓர் உருவம் கையில் பெற்றோல் கானோடு நடந்தது. காப்புறுதித் தொகையை வண்டிக்காரர் முந்திய மாதம்தான் கூட்டியிருந்தார் என்று கடிதம் காட்டினார். மற்றப் பக்கத்து வழக்கறிஞரும் ஏதோ பேசினார். அவ்வளவு நேரமும் கிறிஸ்துராஜா பொன் மீசைக்காரரை இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், இவரை ஏன் பிடித்து வைத்திருக்கிறார்கள்? எரித்தவன்தான் வேறு ஆளாயிற்றே.

பிறகு மூவரும் தனியறைக்குப் போனார்கள். அந்த அறைக்குள் பேசியதை வெளியே சொல்வது குற்றம். ஆகையால் இதை நீங்கள் யாருக்கும் சொல்லாதீர்கள். சான்றுகள் வலுவானவை என்று நீதிபதி தொடங்கினார். கிறிஸ்துராஜா தொண்டையைச் செருமி, இந்த மனிதர் எரிக்கவில்லை, எரித்தவன் யார் என்று எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும் என்றார். எப்படித் தெரியும் என்று நீதிபதி கேட்டார். எல்லோரும் சொல்கிறார்கள் என்றார். எல்லோருக்கும் யார் சொன்னது? அந்தக் கேள்விக்கு அவரிடம் உண்மையான பதில் ஒன்று இருந்தது. அதைத் தவிர மற்றதெல்லாம் சொன்னார்.

நீதிபதி நம்பிக்கையோடு மறுபக்கம் திரும்பினார். அங்கே இருந்தவர் பிர்கிற், ஓய்வுபெற்ற தலையலங்காரக்காரி. வாழ்நாள் முழுக்க ஊரின் வழக்குகளைத் தலை கழுவும் தொட்டியிலேயே முடித்துவைத்தவர். இந்த மனிதர் எரிக்கவில்லை என்பதில் அவருக்கும் ஐயமில்லை. எரித்தது இறைச்சி தின்னாத இளைஞர் கூட்டம். இணையத்தில் ஓர் அம்மா அதை விளக்கமாக எழுதியிருக்கிறார், நூற்றுக்கணக்கானோர் விருப்பம் போட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு றோல்ஸ்காரர், மற்றவருக்கு மரக்கறிக்காரர். இருவரும் மேசைக்குக் குறுக்கே முதன்முறையாக ஒருவரையொருவர் மரியாதையோடு பார்த்துக்கொண்டார்கள். நீதிபதி சட்டத்தையும், சான்றையும், இந்த மண்டபத்தில் கேட்டதை வைத்து மட்டுமே முடிவு செய்யவேண்டும் என்ற உறுதிமொழியையும் எடுத்துச் சொன்னார். வாக்கு இரண்டுக்கு ஒன்று. பொன் மீசைக்காரர் விடுதலையானார். தன்னை விடுவித்தது எது என்று தெரியாமல் மூவரையும் பார்த்துத் தலைவணங்கினார்.

மறுநாள் பத்திரிகையில் சின்னதாகச் செய்தி: சொசேஜ் வண்டி வழக்கில் ஐம்பத்தாறு வயதுடையவர் விடுதலை. பெயரில்லை, ஊரில்லை, மீசையில்லை.

நாடே கொந்தளித்தது என்று சொல்லமாட்டேன், வாட்சப் குழு கொந்தளித்தது. ஐம்பத்தாறு வயதுக்காரர் யார் என்றுதான் எல்லோருக்கும் தெரியுமே. ஸ்ரிபனை விட்டுவிட்டார்கள். கிறிஸ்துராஜா கோட்டுப் போட்டுக்கொண்டு நீதிமன்றப் படியேறியதைப் பஸ்ஸிலிருந்து கண்டவர் இருந்தார். ஆகவே விட்டது யார் என்பதும் வெளிச்சமாயிற்று. ஒரே சபை, ஒரே ஊர், ஒருவருக்கொருவர் கை கொடுத்திருக்கிறார்கள். கிறிஸ்துராஜாவின் வீட்டுக்கு றோல்ஸ் பெட்டி போனதைக் கண்ணால் கண்டவர்கள் அன்று பின்னேரத்துக்குள் மூன்று பேராகிவிட்டார்கள். காசு விளையாடியிருக்கிறது என்று ஒருவர் எழுதினார். அவருக்கு அந்தச் சட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் படுக்கையில் இருந்தபடி அதை வாசித்தார்.

ஸ்ரிபனுடைய நிலைமைதான் விசித்திரம். நிற்காத வழக்கில், போகாத நீதிமன்றத்தில், அவர் விடுதலையாகிவிட்டார். வழியில் கண்டவர்கள் கைகுலுக்கி, இனிக் கவனமாய் இருக்கும்படி சொன்னார்கள். ஓடர் மட்டும் ஒன்றும் வரவில்லை. விடுதலையானவனிடம் யாராவது றோல்ஸ் வாங்குவார்களா? வீட்டு வாடகைக்கு வழியில்லாமல், ஹொல்ஸ்டெப்ரோவில் தங்கைக்காரி வீட்டோடு போய்ச் சேர்ந்துவிடலாமா என்று அவர் யோசிக்கத் தொடங்கியிருந்தார்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் தேநீரோடு நிற்கையில், அவர் நேராகக் கிறிஸ்துராஜாவிடம் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணை, அண்டைக்குக் கோட்டிலை நீங்கள்தான் இருந்தனீங்களாம். அங்கை நிண்டது நானோ? இவ்வளவு சனமும் நிக்குது. இல்லையெண்டு ஒரு சொல்லு சொல்லுங்கோ, போதும்."

இல்லை என்பது நாலு எழுத்துகூட இல்லாத சொல். தனியறைக்குள் பேசியதைத்தான் சொல்லக்கூடாது. கூண்டில் நின்றவர் ஸ்ரிபன் இல்லை என்று சொல்ல எந்தச் சட்டமும் தடையில்லை. வழக்கு நடந்த மண்டபத்தின் கதவு ஊருக்கே திறந்திருந்தது. ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொன்னால், "அப்ப ஆரப்பா ஸ்ரிபனெண்டு சொன்னது?" என்று அடுத்த கேள்வி வரும். கிறிஸ்துராஜா மனைவியைப் பார்த்தார். இன்பமலர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கிறிஸ்துராஜா பார்வையைக் கோப்பைக்குள் இறக்கிக்கொண்டார்.

"கோட்டு விஷயம் வெளியிலை கதைக்கேலாது, தம்பி. சத்தியம் பண்ணிக் குடுத்தனான்."

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஒரு வழக்கைப் பற்றிப் பேச மறுத்தது அப்போதுதான். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஸ்ரிபன் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார். இன்பமலர் தன் குடையை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் ஓடினார். அவர் வாசலைத் தாண்டுமுன்னரே பிஸ்கட் தட்டருகில் ஒருவர் தாழ்ந்த குரலில் தீர்ப்பை வாசித்துவிட்டார்: கிறிஸ்துராஜா வாய் திறக்கவில்லை பார்த்தீர்களா, அப்படியென்றால் எரித்தது ஸ்ரிபன்தான்.

இந்த இனத்தை எங்கே காணலாம் என்று கேட்பீர்கள். சபையில், சலூனில், பஸ்ஸில் எல்லாம் காணலாம். இன்னும் கிட்டவும் காணலாம். அந்தப் பொன் மீசைக்காரர்தான் தன் வண்டியை எரித்தார் என்று நீங்கள் எந்த இடத்தில் முடிவு கட்டினீர்கள்? கான் வந்த இடத்திலா, காப்புறுதி வந்த இடத்திலா? கானோடு நடந்த உருவத்துக்கு முகம் தெரிந்ததா என்று கேட்டீர்களா? அந்த ஜாக்கெட் வேறு எத்தனை பேரிடம் இருந்தது என்று கேட்டீர்களா? அவருடைய வழக்கறிஞர் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பேசினார். நான் உங்களுக்கு அதில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை.