ஏழு கேக்கும் ஒரு பிரசங்கமும்

விடிந்தால் கிறிஸ்துமஸ். பிரசங்கத்தைக் காணவில்லை.

போதகர் அலமாரியில் இருந்த அத்தனை ஃபைல்களையும் தரையில் கொட்டிவிட்டார். ஈஸ்டர் பிரசங்கம் இருந்தது. கல்யாணப் பிரசங்கம் இருந்தது. அடக்க ஆராதனைப் பிரசங்கம் இரண்டு பிரதி இருந்தது. கிறிஸ்துமஸ் என்று எழுதிய நீல ஃபைல் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு காலியாகக் கிடந்தது.

"ஏம்மா, நீல ஃபைல்ல இருந்த பேப்பரைப் பார்த்தியா?"

போதகரம்மா சமையலறையில் முட்டை ஓடுகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். "எது, பழுப்பு நிறத்துல, ஒரு பக்கம் மட்டும் டைப் அடிச்சதா?"

"அதேதான்."

"கேக்குக்கு அடியில இருக்கு."

"எந்தக் கேக்குக்கு?"

"ஏழு கேக்குக்கும். பட்டர் பேப்பர் தீர்ந்துபோச்சு. நீங்களும் சரியா ஏழு பக்கம் எழுதி வெச்சிருந்தீங்க. வெத்துப் பக்கத்துலதாங்க வெண்ணெய் தடவினேன், கேக்குல எழுத்து ஒட்டாது. பயப்படாதீங்க."

போதகர் பயந்தது கேக்குக்காக இல்லை. "கேக் எல்லாம் எங்க?"

"மணியடிக்கிறவர் காலையிலேயே சைக்கிள்ல கொண்டுபோய் வீடு வீடா குடுத்துட்டாரே."

போதகர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். நாளைக்கு ஆராதனைக்குப் பேராயர் வருகிறார். அவர் மனசு வைத்தால் இதே சபையில் இன்னும் ஐந்து வருஷம். வைக்காவிட்டால் மூட்டை முடிச்சோடு வேறு ஊர். மகளுக்கு இது பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். அவர் கையால் நட்ட எலுமிச்சை இப்போதுதான் பூ விட்டிருக்கிறது. இந்த நேரம் பார்த்தா பிரசங்கம் அடுப்புக்குள் போகவேண்டும்?

"புதுசா ஒண்ணு எழுதிடுங்களேன்."

"ஒரு நாள்ல எழுதற சமாச்சாரமா அது? மூணு மாசம் உக்காந்து எழுதினேன்."

"எப்போ?"

போதகர் குனிந்து தரையில் கிடந்த ஃபைல்களைப் பொறுக்க ஆரம்பித்தார். எழுதியது கல்யாணத்துக்கு முன்னால். இந்தச் சபைக்கு வந்த பதினோரு வருஷமும் தேதியை மட்டும் திருத்தி அதையேதான் வாசிக்கிறார். வருஷத்துக்கு ஒரு தரம்தானே, யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது என்பது அவர் கணக்கு. தாள் இல்லாமல் பேசலாம் என்றால் அவருக்கு நாக்கு எழாது. சாப்பாட்டு ஜெபத்துக்கே சட்டைப்பையில் சீட்டு வைத்திருக்கும் மனிதர்.

போதகரம்மா ஏழு வீட்டு விலாசத்தையும் ஒரு கவர் முதுகில் எழுதி நீட்டினார்.

"தையல்காரர் வீடு எங்க இருக்கு?"

"அடுத்த தெருவுலங்க. மூணு வருஷமா அங்கதான் இருக்காங்க."

தையல்காரர் கழுத்தில் டேப்போடு எழுந்து நின்றார். அவர் மனைவி முந்தானையால் நாற்காலியைத் துடைத்தாள். ஐயா நம்ம வீட்டுக்கா என்று இருவருக்கும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. போதகரோ திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக, வந்த காரியத்தைச் சொல்லவும் முடியாமல் விழித்தார்.

"சும்மா பார்த்துட்டுப் போகலாம்னுதான். கேக் எப்படி இருக்கு?"

"நாளைக்கு வெட்டலாம்னு வெச்சிருக்கோம்யா."

"இன்னைக்கே வெட்டலாமே."

அடுத்தவர் வீட்டுக் கேக்கைத் தலைகீழாகக் கவிழ்க்க முடியுமா? தின்றுதான் அடியைப் பார்க்க வேண்டும். நாலு துண்டு உள்ளே போனபின் மூன்றாம் பக்கம் வெளியே வந்தது. தின்றுகொண்டே அவர் அறையைப் பார்த்தார். பாடகர் குழுப் பிள்ளைகளுக்குப் பதினாலு வெள்ளைக் கவுன் வரிசையாகத் தொங்கியது. தையல்காரரின் சின்ன மகள் பழைய கவுனில் நின்றாள்.

"உனக்கு எது பாப்பா?"

"மத்த பிள்ளைங்களுது முடியட்டும்யா. இவளுக்கு மிச்சத் துணியில தெச்சுடலாம்" என்றார் தையல்காரர்.

இரண்டாவது வீடு ஓய்வுபெற்ற டீச்சருடையது. தனியாக இருக்கிறவர். ஆனால் மேஜையில் இரண்டு தட்டு இருந்தது.

"யாராவது வருவாங்களாம்மா?"

"அவர் போனதுல இருந்து நாலு வருஷமா ரெண்டு தட்டு வெக்கறேன். இன்னைக்குத்தான் ஆள் வந்திருக்கு. உக்காருங்க."

மறுபடி மூன்று துண்டு. ஆறாம் பக்கத்தை டீச்சர் தனியே எடுத்து வைத்திருந்தார். அதில் சிவப்பு மையால் ஒன்பது சுழி. ஓரத்தில், 'வாக்கியம் ரொம்ப நீளம். பத்துக்கு நாலு.'

"கேக்கு சுத்தின தாளா இருந்தாலும் பிழையோட விட எனக்கு மனசு வராதுங்க" என்றார் டீச்சர்.

அதற்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஐயாவுக்குக் கேக் என்றால் உயிராம், கொடுத்ததைத் திரும்ப வந்து தின்கிறாராம். ஊர் வாய்க்கு உலைமூடி ஏது? மூன்றாவதாகப் பஸ் டிரைவர் வீட்டில் அவர் செருப்பைக் கழற்றும் முன்பே பாதிக் கேக் தட்டில் காத்திருந்தது. அதைத் தின்று முடித்துப் பார்த்தால் தாள் இல்லை. ஆடுகிற தொட்டிலின் காலுக்கு முட்டுக்கொடுத்திருந்தார்கள். போதகர் குனிந்து மெல்ல உருவினார். குழந்தை விழித்து வீடே அதிர அழுதது.

"பல்லு முளைக்குதுங்கய்யா. நாங்க தூங்கி ஆறு நாள் ஆச்சு" என்றாள் டிரைவர் மனைவி.

செய்த பாவத்துக்குப் பரிகாரமாகப் போதகர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உலாத்தினார். திரும்பிப் பார்த்தால் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்தபடியே உறங்கிவிட்டார்கள். எழுப்ப மனம் வராமல் நாற்பது நிமிஷம் நடந்தார்.

நாலாவது வீட்டில் அண்ணனும் தம்பியும் நடுவில் சுவர் எழுப்பி வாழ்ந்தார்கள். கேக் யாருக்கு என்று சண்டை. போதகரே இரண்டாக வெட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. கூடவே ஐந்தாம் பக்கமும் இரண்டானது. அதை ஒட்டவைக்க அண்ணன் வீட்டில் பசை இல்லை. தம்பி சுவரைச் சுற்றி வந்து கொடுத்தான். அவன் அந்த வாசல்படி மிதித்து ஏழு வருஷம் ஆகியிருந்தது.

அடுத்த இரண்டு வீட்டில் நாலும் ஏழும் கிடைத்தன. ஒன்றை நாய் நக்கியிருந்தது. கடைசியாக மணியடிப்பவர் வீடு. முதல் பக்கம் அங்கேதான் இருக்க வேண்டும்.

"அந்தத் தாளா? அடுப்புப் பத்த வெச்சுட்டேனுங்களே ஐயா. ஒரு துண்டு கேக் எடுத்துக்கறீங்களா?"

மறுநாள் காலை, முதல் வரிசையில் பேராயர். இரண்டாம் பக்கத்திலிருந்தே வாசித்துவிடலாம் என்று போதகர் பிரசங்க பீடத்தில் ஏறித் தாள்களைப் பிரித்தார். பிரிந்தால்தானே. வெண்ணெயும் மையும் கலந்து ஆறு பக்கமும் ஒரே அப்பளமாக ஒட்டியிருந்தன. எழுத்துக்கு மேல் எழுத்து தெரிந்தது. படிக்க முடிந்தது 'பத்துக்கு நாலு' மட்டும்தான்.

சபை பார்த்தது. பேராயர் கண்ணாடியைச் சரிசெய்தார்.

"நேத்து நான் ஏழு வீட்டுக்குப் போனேன்" என்றார் போதகர். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

பிறகு வந்தது. மிச்சத் துணிக்குக் காத்திருக்கும் கவுனைச் சொன்னார். இரண்டாவது தட்டைச் சொன்னார். ஆறு நாள் தூங்காத ஒரு வீட்டையும், பசைக்காகச் சுவரைச் சுற்றி வந்த ஒருவனையும் சொன்னார். யார் வீடு என்று சொல்லவில்லை. இத்தனை நாள் தனக்கு இதெல்லாம் தெரியாமல் போனது வெட்கமாக இருக்கிறது என்றும் சொன்னார். மொத்தம் ஒன்பது நிமிஷம். சபையில் ஒரு இருமல் இல்லை.

ஆராதனை முடிந்ததும் பேராயர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்படிப் பேசற ஆளை இத்தனை வருஷமா எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்தீங்க? இன்னும் அஞ்சு வருஷம் இங்கேயே இருங்க."

போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கியைக் கழற்றப் பக்கத்து அறைக்குப் போனார். கர்த்தர் வெண்ணெயில்கூடக் கிரியை செய்கிறார் என்று நினைத்தபடி முதல் பொத்தானில் கை வைத்தார்.

கதவுக்கு அந்தப் பக்கம் மணியடிப்பவர் போதகரம்மாவிடம் தணிந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, அடுத்தாப்ல ஐயாவை அனுப்ப வேண்டிய வீட்டு லிஸ்டை டீச்சர் எழுதிக் குடுத்துட்டாங்க. பத்து வீடு. ஈஸ்டர் பிரசங்கம் பத்துப் பக்கம் வருமாம்மா?"