உறுமலுக்கு ஒரு வடிகட்டி

"என்னடி இது, உன் குரலுக்குப் பின்னால மாடு கத்துது?" என்றார் மாமியார், மகளின் ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு.

"மாடு இல்ல அத்தை, கரண்ட்," என்றார் மாப்பிள்ளை. தெருவுக்கே அவர் கண்டென்சர்தான். சொந்தப் பெயர் சம்பளம் வாங்க மட்டும். "நான் செஞ்ச மைக் பெட்டி பேட்டரியிலதான் ஓடுது. ஆனா சுவத்து வயர்ல ஓடற கரண்ட்டோட உறுமல் காத்து வழியா உள்ள வந்துடுது."

"கதவைச் சாத்திடுங்களேன் மாப்பிள்ளை."

மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. கதைகளைக் குரலில் பதிவு செய்யும் கம்பெனிக்கு மாலைக்குள் மாதிரி அனுப்பினால்தான் வேலை. கடையில் மைக் வாங்கப் போனவளை, "நான் எதுக்கு இருக்கேன்?" என்று தடுத்த புண்ணியவான் இவர்தான்.

முதலில் பெட்டிக்குச் சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றினார். உறுமல் இரட்டிப்பானது. தாளிலிருந்து ஒரு வயரை இழுத்துத் தண்ணீர்க் குழாயில் கட்டினார். உறுமலோடு எங்கிருந்தோ ஒருவர் செய்தியும் வாசித்தார்.

"இவர் குரல் நல்லா இருக்கு. இவரையே அனுப்பிடலாம்," என்றாள் மனைவி.

வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, உறுமலை மட்டும் தடுக்கும் வடிகட்டி ஒன்றைப் பற்றவைத்தார். அது உறுமலை விட்டுவிட்டு மனைவியின் குரலைத் தடுத்தது.

"கல்யாணமானதிலேர்ந்து நீங்க ஆசைப்பட்டது இதுதானே?"

வடிகட்டியின் திருகைத் திருப்பினார்; குரல் திரும்பியது, உறுமல் போகவில்லை. பிறகு வீட்டின் மேல் பாய்ந்தார். விசிறி, விளக்கு, ஃபிரிட்ஜ், மாமியார் பார்த்துக்கொண்டிருந்த டி.வி. எல்லாம் ஒவ்வொன்றாக அணைந்தன.

"ஐஸ்கிரீம் உருகுது மாப்பிள்ளை."

"உருகட்டும் அத்தை. இது விஞ்ஞானம்."

"சரி, அப்ப நான் குடிச்சிடறேன்."

உறுமல் அசைந்து கொடுக்கவில்லை. மைக் வாங்க மனைவி செருப்பை மாட்டினாள். கண்டென்சர் கடைசியாக வடிகட்டியின் திருகை இன்னும் ஒரு நூலளவு திருப்பினார்.

நிசப்தம்.

செருப்புக் காலோடு வந்து உட்கார்ந்து படித்தாள். கழுவித் துடைத்த கண்ணாடிபோல் வந்தது குரல். போனிலேயே அனுப்பினாள், உடனே பதில். வேலை அவளுக்குத்தான். நாளை முதல் தினம் ஒரு கதை, இதே சுத்தத்தில்.

"பார்த்தீங்களா அத்தை? ஒரு நூல். விஷயமே அந்த ஒரு நூல்லதான் இருக்கு."

"எங்க மாப்பிள்ளையாச்சே," என்றார் மாமியார். அந்த 'எங்க' இத்தனை வருஷத்தில் முதல்முறை.

இனி யாரும் திருகைத் தொடக்கூடாதென்று கண்டென்சர் அதன் மேல் மெழுகை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்தபோது, இஸ்திரிக்காரர் வெறுங்கையோடு வாசலில் நின்றார்.

"துணி நாளைக்குத்தாம்மா. அரை மணி நேரமா தெருவுக்கே கரண்ட் இல்ல."