தலைவரின் காதோரத்துக் கறை

மனிதகுலம் எத்தனையோ பெரிய முடிவுகளை எடுத்திருக்கிறது. நிலாவுக்கு ஆள் அனுப்பலாமா என்று யோசித்து அனுப்பியது. கடலுக்குக் குறுக்கே பாலம் போடலாமா என்று யோசித்துப் போட்டது. அதெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு. படத்தைத் திருத்தும் மென்பொருளை இலவசமாக எடுப்பதா, காசு கொடுத்து வாங்குவதா என்று பழவங்காடி 'நாஞ்சில் வணிகர் மேன்மைச் சங்கம்' எடுத்த முடிவுக்கு முன்னால் நிலாவும் பாலமும் நிற்குமா? நிற்காது. நான் நின்றேன். கதவோரமாக, கடைசிவரை நின்றேன்.

நான் சாலைக் கம்போளம் என்கிற சந்தையில் மூட்டை சுமக்கிறவன். சங்கத்தில் கூட்டம் என்றால் நாற்காலி இழுத்துப் போட, டீ வாங்கி வர எனக்கு அழைப்பு வரும். அழைப்பிதழ் வராது, அழைப்பு மட்டும் வரும். எழுத்துக்கூட்டிப் படிக்க நான் பழகியதே தலை நரைத்த பிறகுதான். அதனால் படித்தவர்கள் பேசினால் வாயைப் பிளந்து கேட்பேன். சின்ன வயதிலேயே படித்தவர்களுக்கு இந்த நல்ல பழக்கம் கிடையாது. அவர்கள் ஒருவர் பேசும்போது இன்னொருவரும் பேசுவார்கள்.

விஷயம் இதுதான். என்னோடு சுமை எடுத்த ஆறுமுகசாமி செத்துப்போனான். சங்கத் தலைவர் தாணுமாலயன் அவர்களின் அரிசிக் கிட்டங்கியில், படிக்கட்டில், மூட்டையோடு சரிந்தான். "நல்ல வேளை, மூட்டைக்கு ஒண்ணும் ஆகல்ல" என்று இரங்கல் கூட்டத்தில் தலைவர் எல்லோருக்கும் ஆறுதல் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பெரிய அறிவிப்பு ஒன்று செய்தார். ஆறுமுகசாமியின் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, சங்க மண்டபத்தில் மாட்டுவார்களாம். செத்த நாற்பத்தொன்றாம் நாள் சடங்கு கழிக்கிற அன்றைக்குத் திரை விலக்குவார்களாம். ஒரு சுமைகூலியின் படம் வணிகர் சங்கத்துச் சுவரில்! எல்லோரும் கைதட்டினார்கள். இரங்கல் கூட்டம் என்பது நினைவு வந்ததும் நிறுத்தினார்கள்.

படத்துக்கு எங்கே போவது? ஆறுமுகசாமியின் பெண்சாதி செல்லபாயிடம் இருந்தது ஆதார் அட்டை ஒன்றுதான். அதில் இருக்கிறவனைப் பார்த்தால் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருக்கும். அவன் வைத்திருந்த போன் பேச மட்டும் தெரிந்த போன். ஆக, உலகத்தில் ஆறுமுகசாமிக்கு இருந்தது ஒரே ஒரு நல்ல படம். சங்கத்தின் வெள்ளி விழாவில் எடுத்தது. முன்வரிசையில் நிர்வாகிகள் உட்கார்ந்திருக்க, தலைவரின் நாற்காலிக்குப் பின்னால் முத்துக்குடை பிடித்து நின்றவன் அவன். படம் எடுத்தது தலைவரின் மகன் கைலாஷ். கழக்கூட்டம் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற பையன். "எல்லாரும் ஒண்ணு சிரிங்கோ" என்று அவன் சொன்னான். நிர்வாகிகள் பதவிக்குத் தக்கபடி முகத்தை இறுக்கிக்கொண்டார்கள். சொன்ன சொல்லுக்குக் கீழ்ப்படிந்தது பின்னால் நின்ற கூலி ஒருத்தன்தான். பல் அத்தனையும் தெரியச் சிரித்தான்.

"அவரு வீட்டுல எங்கண்ணே சிரிச்சாரு? எப்பவும் களுத்து வலியில்லா" என்றாள் செல்லபாய் என்னிடம். "அந்தப் படத்துல சிரிக்காருன்னு சொன்னிய. அது ஒண்ணு கிடைச்சாப் போரும். விளக்கு வைக்க ஒரு மொகம் வேணும்லா?"

அந்தப் படத்துக்கு வேறு பிரதி கிடையாது. தலைவரின் வழுக்கை பளிச்சென்று தெரிகிறது என்பதால் அதை வாட்ஸ்ஆப்பில் போடவே கூடாதென்று அப்போதே தீர்மானம் போட்டாயிற்று. கைலாஷ் அதைச் சங்கத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, போனில் இடமில்லை என்று அங்கிருந்து அழித்துவிட்டான்.

இனி அதிலிருந்து ஆறுமுகசாமியின் முகத்தை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். மூலையில் இருக்கிற ஸ்டூடியோவில் கொடுத்தால் டீ ஆறுவதற்குள் முடித்துத் தருவார்கள். நான் வாய் தவறி அதைச் சொல்லிவிட்டேன்.

"ஓய், இது சங்கத்துக் காரியம்" என்றார் தலைவர். "முறைப்படி செய்யணும்."

முறை தொடங்கியது.

செயலாளர் அனந்தபத்மநாபன் சார் இலவசக் கட்சி. ஒரு பெரிய ஆபீஸில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். "மென்பொருளுங்கது காத்து மாதிரி, தண்ணி மாதிரி. அதுக்குக் காசு குடுக்கது அடிமைத்தனமாக்கும்" என்றார். அவர் கையில் விலைக்கு வாங்கிய தண்ணீர் பாட்டில் இருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளையளே இலவசத்துலதான் படிக்கு. சுதந்திரம் வேணும் ஓய், சுதந்திரம்!"

கைலாஷ் காசுக் கட்சி. "அங்கிள், அது செரியாவாது கேட்டோ. ஃப்ரீயில ஒரு ஃபினிஷிங் வராது. ப்ரொஃபஷனல் ஆளுங்க ஆரும் அத தொடமாட்டாங்க. காசு குடுத்தா அடிபொளியா இருக்கும்."

"நீ காசு குடுத்தா வச்சிருக்கே?"

"இல்ல, எனக்கு ஒரு கூட்டுக்காரன் கிராக் பண்ணித் தந்தான்."

"அப்ப அதும் இலவசமில்லா?"

"அது வேற, அங்கிள். அது காசு குடுக்க வேண்டிய சாதனம், நம்ம குடுக்கல்ல. இது காசு குடுக்க வேண்டாத சாதனம். ரெண்டுக்கும் ஒரு ஸ்டேண்டர்டு வித்தியாசம் உண்டு."

இந்தப் பதிலில் இருந்த தத்துவத்தைக் கண்டு சபை தலையாட்டியது. தலைவர் வியாபாரி, இரண்டு தராசுத் தட்டையும் பார்க்கத் தெரிந்தவர். 'மென்பொருள் ஒப்பீட்டு உயர்மட்டத் துணைக்குழு' அமைத்தார். குழுவில் யார் யார்? தலைவர், செயலாளர், கைலாஷ். கூட்டத்துக்கு வந்திருந்ததே அந்த மூன்று பேர்தான்.

துணைக்குழு முதல் வேலையாகப் பொன்முடி மலைக்குப் போனது. மூடுபனியில் எடுத்த படத்தைத் திருத்துவதுதான் மென்பொருளுக்கு 'உண்மையான சோதனை' என்றார் செயலாளர். பெட்டி தூக்க என்னையும் கூட்டிப்போனார்கள். வித்துராவில் வண்டியை நிறுத்தி, பழம்பொரியின் துணையோடு முதற்கட்ட ஆலோசனை நடந்தது. மேலே போனால் பனி அப்படி இறங்கியிருந்தது. எடுத்த படம் எதிலும் ஒரு ஆள் தெரியவில்லை. 'பொன்முடியைப் பொறுத்தவரை இரண்டு மென்பொருளும் சமமாகச் செயல்பட்டன' என்று அறிக்கை எழுதிக்கொண்டு இறங்கினோம்.

அடுத்தது சோதனைக் கட்டம். சோதிக்க ஒரு படம் வேண்டும். கம்ப்யூட்டரில் தயாராக ஒன்று இருந்தது, வெள்ளி விழாப் படம். அதன் மேலேயே சோதித்தார்கள். திரை அவர்கள் பக்கம். நான் கதவுப் பக்கம். என் காதில் விழுந்ததைத்தான் சொல்ல முடியும்.

முதலில் செயலாளரின் தொந்தியை இலவசத்தால் குறைத்தார்கள். குறைந்தது. "பாத்தேரா, சுதந்திரத்துக்க சக்தி!" என்றார் செயலாளர். பிறகு தலைவருக்கு முடி வைக்கத் தொடங்கினார்கள். அங்கேதான் சிக்கல்.

"அப்பா, முடி நிக்கல்ல. பின்னால வெள்ளையா என்னவோ கெடக்கு, அது இடிக்குது" என்றான் கைலாஷ்.

"அப்ப அத எடுத்துக் களை."

எடுத்துக் களைந்தார்கள். முடி நின்றது. ஆனால் தலைவரின் காதோரத்தில் ஒரு சின்ன வெள்ளைக் கறை மட்டும் போகமாட்டேன் என்றது. இலவசத்தில் தேய்த்தார்கள், மழுப்பினார்கள், மேலே நிறம் பூசினார்கள். என்ன செய்தாலும் மறுபடி எட்டிப் பார்த்ததாம். செயலாளர் வியர்த்துப்போனார். சுதந்திரத்தின் மானம் அந்தக் கறையில் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்தச் சமயத்தில் செல்லபாய் மாடியேறி வந்தாள்.

"மொதலாளி, பதினாறும் களிஞ்சாச்சு. படம் என்ன ஆச்சு?"

"சோதனை நடக்கு, தாயி. ஒனக்க மாப்பிளைக்காகத்தான் இந்தப் பாடு படுகோம்."

"சோதனையெல்லாம் எனக்கு என்னத்துக்கு? அந்தப் படத்த அப்படியே முளுசா ஒண்ணு அச்சடிச்சுத் தாங்கோ. நான் கத்திரி வச்சு வெட்டிக்கிடுகேன்."

மூன்று பேரும் அதிர்ந்துபோனார்கள். கத்திரியாம்! உயர்மட்டத் துணைக்குழு ஒன்று இரவு பகலாக உழைக்கும்போது, படிப்பறிவில்லாத பெண் ஒருத்தி கத்திரியைப் பற்றிப் பேசுகிறாள்.

"முடிவு எடுக்காம அசல் வெளிய போவாது" என்றார் செயலாளர், ஒரு அரசாங்கமே பேசுவதுபோல.

அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணே, நீங்களாவது ஒண்ணு சொல்லப்பிடாதா?"

"படிச்சவங்க பாத்துக்கிடுவாங்க, தங்கச்சி" என்றேன். டீ தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு நானும் படியிறங்கினேன்.

கடைசியில் காசு வென்றது. கைலாஷ் தன் மென்பொருளைத் திறந்து ஒரு தட்டுத் தட்டினான். கறை போன இடம் தெரியவில்லை. தலைவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார்.

"இங்கதானே இருந்துது அந்தக் கறை?"

"இப்ப இல்ல. இதுதான் அப்பா, ப்ரொஃபஷனல்."

செயலாளர் பெருந்தன்மையோடு தோல்வியை ஒப்புக்கொண்டார். கம்ப்யூட்டரில் இடம் வீணாகக் கூடாது என்று படத்தைப் பழைய பேரிலேயே, பழைய படத்தின் மேலேயே சேமித்தார். கணக்கெழுதியவர், சிக்கனம் ரத்தத்தில் ஊறியது. 'காசு கொடுத்து வாங்குவதே மேன்மை' என்று தீர்மானம் நிறைவேறியது. தீர்மானம் நிறைவேறிய பிறகு காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை; கிராக் பண்ணியதுதான் இருக்கிறதே.

நாற்பத்தொன்று கழிக்கிற நாள் வந்தது. மண்டபத்தில் குத்துவிளக்கு எரிந்தது. சுவரில் பட்டுத்துணி மூடிய பெரிய சட்டம். மாட்டினவன் நான்தான், துணியை மூடியே கொடுத்தார்கள். செல்லபாய் கையில் பிச்சிப்பூ மாலையோடு நின்றாள். தலைவர் பேசினார், செயலாளர் பேசினார். சங்கம் எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தது, ஏன் தேர்ந்தெடுத்தது என்று கைலாஷ் விளக்கினான். பிறகு திரை விலகியது.

நாங்கள் அண்ணாந்து பார்த்தோம். முன்வரிசையில் தலைவர் இருந்தார், தலை நிறைய முடியோடு. செயலாளர் இருந்தார், தொந்தி இல்லாமல். அவர்களுக்குப் பின்னால் ஒரு ஆளும் இல்லை. தலைவரின் தலைக்கு மேலே முத்துக்குடை மட்டும், பிடிக்க ஒரு கையில்லாமல், அந்தரத்தில் நின்றது. கீழே பொன்னெழுத்தில் 'ஆறுமுகசாமி நினைவாக' என்று எழுதியிருந்தது.

இடித்த வெள்ளை அவன் சட்டை. போகமாட்டேன் என்ற கறை அவன் சிரிப்பு.

"இதுல அவரு எங்க?" என்றாள் செல்லபாய்.

கைலாஷ் கம்ப்யூட்டரைத் திறந்து தேடினான், பழைய பேரில் தேடினான், குப்பைக்கூடையிலும் தேடினான். சிக்கனம் தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தது.

"குடை இருக்கில்லா, தாயி" என்றார் செயலாளர், மெதுவாக. "குடைய வச்சு அவரு நிக்காருன்னு விளங்கும்லா?"

செல்லபாய் மாலையைப் பார்த்தாள், குடையைப் பார்த்தாள். "உசிரோட இருக்கப்பவும் ஒங்களுக்கு அவ்வளவுதான் தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு, மாலையைத் திரும்ப இலையில் சுருட்டிக்கொண்டு இறங்கிப்போனாள். 'உணர்ச்சிவசப்பட்ட நிலையில் நன்றி கூறினார்' என்று செயலாளர் நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

நான் மென்பொருளைக் குறை சொல்லமாட்டேன். இலவசம் ஆளை எடுத்தது, காசு சிரிப்பை எடுத்தது. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை முழுசாகும் என்பதைக் கண்டுபிடித்த சங்கம் சாதாரணச் சங்கமா?

சங்கத்தின் அடுத்த விழா நெருங்குகிறது. முத்துக்குடை பிடிக்க ஆள் வேண்டும் என்று பெரியவர்கள் கூடி யோசித்து, ஒருமனதாக என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வெள்ளைச் சட்டையும் தருகிறார்கள். நேற்று கைலாஷ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கை போட்டுச் சொன்னான்:

"அண்ணா, குடைய நல்லா பிடிக்கணும், கேட்டோ. பின்ன, போட்டோ எடுக்கும்போ நீங்க சிரிக்காண்டாம். பல்ல அழிக்கதுக்கு பயங்கரப் பாடாக்கும்."