சட்டியைத் துடைத்த புலி

ஒரு காட்டில், கேஸ் கனெக்‌ஷன் வந்த மறுவருஷம், வேங்கைமுத்து என்று ஒரு புலி ராஜாவாக இருந்தது. அதற்கு நான்கு கால், ஒரு வால், ஒரு மனைவி, உடம்பு முழுக்கச் சர்க்கரை.

புலிக்கு எப்படிச் சர்க்கரை வரும் என்று நல்ல பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும். வேட்டையாடித் தின்ற வரைக்கும் வரவில்லைதான். ராஜா ஆன பிறகு வேட்டைக்கு ஏது நேரம்? காலையில் குரங்குகளின் புதுக் கிளை திறப்பு விழா, அங்கே கேசரி. மத்தியானம் யானை வீட்டுக் கல்யாணம், அங்கே பால் பாயசம், பருப்புப் பாயசம், இரண்டும் கலந்த பாயசம். சாயங்காலம் கரடி வீட்டுக் காதுகுத்து. கரடி வீட்டில் தேன் கலக்காமல் தண்ணீர்கூடத் தரமாட்டார்கள். போன இடமெல்லாம், "ராஜா கை நனைக்காமப் போனா எங்களுக்கு என்ன மரியாதைங்க" என்றார்கள். குடிமக்களின் மரியாதையைக் காப்பாற்ற புலி இலை இலையாக நனைத்தது.

ஒரு நாள் குகைப் படி ஏறும்போது அதற்கு மூச்சு வாங்கியது. குகைக்கு இருந்ததே இரண்டு படி. மனைவி செம்பாயி அதை அப்படியே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனது.

அந்தக் காட்டில் டாக்டர் தணிகாசலம் ஒரு முள்ளம்பன்றி. ஊசி வாங்க மருந்துக்கடைக்கு ஆள் அனுப்பாத ஒரே டாக்டர். முதுகுப் பக்கம் கையை விடும், ஒன்று வரும்.

"சார், ரீடிங் முந்நூத்திப் பத்து. சோறு கட். இட்லி கட். தோசை கட். உருளைக்கிழங்க போட்டோவுலகூடப் பாக்காதீங்க. லோ கார்ப் டயட். வியாழக்கிழமை காலைல வெறும் வயித்துல வாங்க. குறைஞ்சிருந்தா சந்தோஷம். குறையலேன்னா தினம் ரெண்டு ஊசி."

சொல்லிக்கொண்டே, சும்மா ஒரு மாதிரிக்கு, முதுகிலிருந்து ஒன்றைப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டியது.

புலி செம்பாயிக்குப் பின்னால் போய் நின்றது. சின்ன வயதில் அது ஒரு முள்ளம்பன்றியைத் தின்னப்போய், மூக்கு நிறைய முள்ளோடு வீடு திரும்பியிருக்கிறது. யானையோடு மோதச் சொன்னால் மோதும். வெள்ளத்தில் குதிக்கச் சொன்னால் குதிக்கும். ஊசி என்றால் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

"டாக்டர், சோறு இல்லாம என்னத்தச் சாப்பிடுறது?"

"கறி சாப்பிடுங்க சார்."

"வெறும் கறியா?"

"நீங்க புலி சார்."

"அது சரி. கறிய எதுக்குத் தொட்டுக்கிறது?"

டாக்டர் படித்த புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டது.

அந்த வாரம் முழுக்கப் புலி வெள்ளரிக்காய் தின்றது. பார்த்துக்கொண்டே போன மான்கள், ராஜா என்கிற மரியாதைக்காகத் திருப்பம் தாண்டிப் போய்ச் சிரித்தன. புதன்கிழமை சாயங்காலம் வந்தது. இன்னும் ஒரே ஒரு ராத்திரிச் சாப்பாட்டைத் தாண்டிவிட்டால் ஊசியிலிருந்து தப்பிக்கலாம். ஆனால் வெள்ளரிக்காயைக் கண்டாலே புலிக்குக் குமட்டியது. போனை எடுத்துத் தேடியது. ஒரு குள்ளநரி வந்தது.

"ஹாய் மக்களே, வெல்கம் டு நம்ம குள்ளநரி கிச்சன். இன்னிக்கு நாம பாக்கப்போறது, பதினஞ்சே நிமிஷத்துல வீட்லயே ஸ்டீக், அதாவது தடிக் கறித்துண்டு வறுவல். சோறு கிடையாது, சப்பாத்தி கிடையாது, மனசாட்சி உறுத்தல் கிடையாது. வீடியோவுக்குள்ள போறதுக்கு முன்னாடி, நான் எப்பவும் யூஸ் பண்ற கத்தியப் பத்தி ரெண்டு வார்த்தை."

பதினைந்து நிமிஷ ஸ்டீக்குக்கு வீடியோ இருபத்திரண்டு நிமிஷம் ஓடியது. அதில் பாதிக்குக் கத்தி வந்தது.

கறி ஆன்லைனில் வந்தது. கொண்டுவந்தது ஒரு எருமை. சிவப்புச் சட்டை, முதுகில் பெரிய பை.

"சார், ஓடிபி சொல்லுங்க."

புலி சொன்னது. பாக்கெட்டை வாங்கிப் பார்த்தது. கட்டைவிரல் கனத்தில் நல்ல துண்டு.

"தம்பி, இது யாரு?"

"லேபிள்ல பேர் போட மாட்டாங்க சார். நானும் கேக்கறதில்ல. அஞ்சு ஸ்டார் மட்டும் போட்டுடுங்க."

புலி அஞ்சு ஸ்டார் போட்டது. விஷயம் அதோடு முடிந்தது. அந்தக் காட்டில் நாகரிகம் அந்த அளவுக்கு வளர்ந்திருந்தது.

புலி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சமையலில் இறங்கியது. செம்பாயி கதவில் சாய்ந்துகொண்டு மேற்பார்வையில் இறங்கியது.

"ஏங்க, மஞ்சள் போட்டுக் கழுவுனீங்களா?"

"கழுவக் கூடாதாம். டிஷ்யூ பேப்பரால ஒத்தி எடுக்கணுமாம். ஈரம் இருந்தா மேல முறுகாதாம்."

"கழுவாத கறியா? எங்க அம்மா வீட்ல தெரிஞ்சா வாசப்படி மிதிக்க மாட்டாங்க."

"உங்க அம்மா அடிச்ச மானையெல்லாம் எந்தக் குழாயில கழுவுனாங்க?"

செம்பாயி அடுத்த கேள்விக்குப் போனது.

"இஞ்சி பூண்டு விழுது?"

"இல்ல."

"மல்லித்தூள்? சோம்பு?"

"உப்பு, இடிச்ச மிளகு. அவ்வளவுதான்."

"காய்ச்சல்காரனுக்கு ஆக்குற மாதிரி இருக்கு. குக்கர்ல போட்டு அஞ்சு விசில் விடுங்க, அப்பத்தான் வேகும்."

"குக்கர் கூடாது. இரும்புச் சட்டி. புகை வர்ற அளவுக்குக் காயணும்."

சட்டி காய்ந்தது. புகை வந்தது. வந்த புகை போக வழி தெரியாமல் குகையிலேயே தங்கியது. மேலே தலைகீழாகக் குடியிருந்த வௌவால்கள் இருமிக்கொண்டே வீட்டைக் காலி செய்தன. புலி ஒரு கரண்டி எண்ணெய் விட்டுக் கறியை இறக்கியது. ஸ்ஸ்ஸென்று ஒரு சத்தம். ராஜா பட்டாபிஷேகத்துக்குக்கூட யாரும் அப்படிக் கைதட்டவில்லை.

"இப்பத் தொடாதீங்க மக்களே," என்றது நரி. "கிண்டாதீங்க, நகத்தாதீங்க, அமுக்காதீங்க. மூணு நிமிஷம் சும்மா நில்லுங்க."

புலி சும்மா நின்றது. பதுங்கி நின்று பழகிய குடும்பம், அதில் குறை சொல்ல முடியாது. திருப்பிப் போட்டபோது அடிப்பக்கம் நல்ல காப்பிக்கொட்டை நிறத்தில் முறுகியிருந்தது. அடுப்பைக் குறைத்து, ஒரு கட்டி வெண்ணெய் போட்டு, தோலோடு நசுக்கிய பூண்டைப் போட்டது. நரி ஏதோ வெளிநாட்டு இலை போடச் சொன்னது. செம்பாயி கொல்லையில் இருந்து கறிவேப்பிலையை உருவி வீசியது. சட்டியைச் சாய்த்து, உருகிய வெண்ணெயைக் கரண்டியால் மொண்டு மொண்டு கறியின் தலையில் ஊற்றியது புலி.

அந்த வாசனை இருக்கிறதே, அது குகையை விட்டு இறங்கி, ஓடையைத் தாண்டி, மேய்ச்சல் வெளிவரைக்கும் போயிற்று. ஒரு ஆடு மூக்கை நீட்டிக்கொண்டு வாசல்வரை வந்து, தான் யார் என்பது நினைவுக்கு வந்து, திரும்பிப் போனது.

கறியை எடுத்துத் தட்டில் வைத்து ஐந்து நிமிஷம் ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே வெட்டினார்கள். உள்ளே ரோஜா நிறம்.

"ஏங்க, வேகவேயில்ல. ரத்தம் தெரியுது."

"சீ," என்றது புலி. அதற்கும் உவ்வே என்று வந்தது. "எங்க தாத்தா இப்படித்தான் சாப்பிடுவாராம்."

"உங்க தாத்தாவுக்குக் கேஸ் கனெக்‌ஷன் இல்ல."

புலி ஊசியை நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு துண்டை வாயில் போட்டது. மெல்லியது. கண்ணைத் திறந்தது. அப்புறம் தட்டு காலியாகும்வரை தலை நிமிரவில்லை. பக்கத்தில் வைத்திருந்த பீன்ஸ் பொரியலையும் தின்றது. ஒரு பருக்கை சோறு இல்லை. ஒரு துளி சர்க்கரை இல்லை.

ஒழுங்கான கதையாக இருந்தால் இங்கேயே முடித்து, கீழே நாவடக்கம் பற்றி ஒரு வரி போட்டு, சிரிக்கிற புலி படமும் வரைந்திருப்பார்கள். அந்த நேரம் பார்த்து யானை மந்திரி போன் பண்ணியது.

"ராஜா, சாப்டாச்சா?"

புலி வாயைத் திறந்தது. ஆமாம் என்று சொல்ல வரவில்லை.

"கறி சாப்பிட்டேன்."

"அது சரி ராஜா. சாப்டாச்சா?"

"அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டது. வயிறு நிறைந்திருந்தது. மனசில் மட்டும் இன்னும் இலையே போடவில்லை. சரி, பாத்திரத்தையாவது கழுவுவோம் என்று சட்டியை எடுத்தது. அங்கேதான் கதை கெட்டது.

சட்டியின் அடியில் வெண்ணெய் மினுங்கிக்கொண்டு நின்றது. அதில் முறுகின பூண்டு. கறிவேப்பிலை மொறுமொறுவென்று. மிளகும் கறித் துணுக்கும் சேர்ந்து அடியில் ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு படலம்.

"செம்பாயி, இத அப்படியே கழுவிக் கொட்டுறதா?"

செம்பாயி எட்டிப் பார்த்தது. அதன் குரலே மாறிவிட்டது. "பாவம்ங்க."

"மதியச் சோறு இருக்கா?"

"எனக்கு வச்சது இருக்கு. டாக்டர் சோறு சாப்பிடக் கூடாதுன்னாரே."

"யார் சாப்பிடப்போறா? சட்டியத் துடைக்கப்போறேன்."

"டிஷ்யூ பேப்பர் இருக்கே."

"ஒரு டிஷ்யூவுக்கு எத்தன மரம் வெட்டுறாங்க தெரியுமா? காட்டுக்கு ராஜா நானு."

ஒரு கைப்பிடி சோறு உள்ளே விழுந்தது. புலி பிரட்டியது. வெள்ளைச் சோறு பழுப்பாகி, பளபளத்து, ஒவ்வொரு பருக்கையும் தனியாக நின்றது. அதை உருட்டி வாயில் போட்டுவிட்டுப் பார்த்தால், சட்டியின் ஒரு பக்கம்தான் சுத்தமாகியிருந்தது. மறுபக்கத்துக்கு இன்னொரு கைப்பிடி. அந்தச் சோறு கொஞ்சம் வறண்டுவிட்டது, அதனால் ஒரு துண்டு வெண்ணெய். வெண்ணெய் கொஞ்சம் கூடிப்போனது, அதனால் இன்னும் சோறு.

"எனக்கு ஒரு வாய் உருட்டிக் குடுங்க" என்றது செம்பாயி. "துடைக்கிறதுல நானும் ஒரு கை போட்டேன்னு இருக்கட்டும்."

சோற்றுப் பானை காலியானபோது சட்டியில் முகம் தெரிந்தது. புலி போனை எடுத்து யானையைக் கூப்பிட்டது.

"சாப்டாச்சு."

வியாழன் காலை. ஆஸ்பத்திரி வாசலில் நரி, உடும்பு, முயல் எல்லாம் விடியும் முன்னே டோக்கன் போட்டுக் காத்திருந்தன. ராஜாவுக்கு டோக்கன் கிடையாது, நேராக உள்ளே. டாக்டர் புலியின் விரலில் ஒரு சொட்டு எடுத்தது. அதற்கே புலி செம்பாயியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. மெஷின் யோசித்தது. முந்நூத்தி அறுபது என்றது.

"ஏறியிருக்கு சார்," என்றது டாக்டர். கை முதுகுப் பக்கம் போனது. "நேத்து ராத்திரி என்ன சாப்டீங்க?"

"ஸ்டீக்."

"அப்புறம்?"

"பீன்ஸ்."

"அப்புறம்?"

"அப்புறம் சாப்பிடல. சட்டியத் துடைச்சேன்."

"எதால?"

புலி செம்பாயியைப் பார்த்தது. செம்பாயி சுவரைப் பார்த்தது.

"சோத்தால."

டாக்டரின் கை பாதியில் நின்றது. "இரும்புச் சட்டியா?"

"ஆமா."

"வெண்ணெய்?"

"ஆமா."

"பூண்டு அடில ஒட்டி, லேசா முறுகி?"

"ஆமா டாக்டர்."

டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தது. குரல் இறங்கிவிட்டது.

"அது சாப்பாட்டுக் கணக்குல வராது சார்."

"நானும் அதத்தான் சொல்றேன்."

"எங்க வீட்ல கருணைக்கிழங்கு வறுத்த சட்டி. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை." டாக்டர் தன் விரலையே குத்தி மெஷினில் வைத்தது. முந்நூத்தி நாற்பது. அந்த எண்ணை மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

செம்பாயிதான் முதலில் பேசியது. "ஏன் டாக்டர், நூத்திச் சொச்சம்தான் நார்மல்னு யார் சொன்னது?"

"புத்தகத்துல இருக்கும்மா."

"எழுதுனது புலியா?"

"இல்லம்மா."

"இந்தக் காட்டுக்கு ராஜா யாரு?"

"சார்தான்."

"அப்போ ராஜாவுக்கு என்ன இருக்கோ அதுதானே நார்மல்? மிச்சவங்கதானே அதுக்குத் தக்கன இருக்கணும்?"

டாக்டர் படித்த ஆள். சீக்கிரம் புரிந்தது. சுவரில் தொங்கிய அட்டையில் பழைய எண்ணை அடித்துவிட்டு, முந்நூறு முதல் நானூறு வரை என்று எழுதியது. பிடுங்குவதற்குத் தயாராக இருந்த முள்ளைத் தடவி மறுபடி படியவைத்தது. கிளி அறிவிப்பாளர் ஜன்னலுக்கு வெளியே செய்தி வாசித்தது. "வணக்கம். மாட்சிமை தாங்கிய மன்னரின் சர்க்கரை முற்றிலும் நார்மலாக உள்ளதாக மருத்துவக் குழு தெரிவித்துள்ளது. விளையாட்டுச் செய்திகள்."

"அடுத்த டோக்கன்" என்றது டாக்டர், கதவைத் திறந்து.

முயல் உள்ளே வந்தது. மேகலா என்று பெயர். ஒல்லியாக, சுறுசுறுப்பாக, வருஷத்துக்கு ஒரு முறை சும்மா பார்த்துவிட்டுப் போகிற ஆள். மெஷின் தொண்ணூற்றைந்து என்றது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தது.

"என்னம்மா இது. தொண்ணூத்தஞ்சு. எப்படி நடந்து வந்தே?"

"நடந்து வரல டாக்டர், ஓடி வந்தேன். தினம் ஓடுவேன்."

"அதான் இப்படி ஆகியிருக்கு. சாப்பாடு என்ன?"

"புல்லு. சில நாள் கேரட்."

"வீட்ல இரும்புச் சட்டி இல்லையா?"

"எனக்கு எதுக்குங்க?"

"கேக்கறதுக்கு ஆளில்லாம வளர்ந்த பிள்ளை" என்று டாக்டர் செம்பாயியிடம் வருத்தத்தோடு சொன்னது. கை முதுகுப் பக்கம் போய், இந்த முறை ஒன்றோடு திரும்பி வந்தது. "தினம் ரெண்டு ஊசி போடணும்மா. குளுக்கோஸ். ஓட்டத்த இன்னிக்கே நிறுத்திடு."

முயல் அட்டையைப் பார்த்தது, ஊசியைப் பார்த்தது, கதவைப் பார்த்தது. கதவுப் பக்கம் புலி நின்றுகொண்டிருந்தது.

"பயப்படாதம்மா," என்றது புலி, அன்பாக. "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

சொல்லிவிட்டு, தன்னால் பார்க்க முடியாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நீதி: புல் தின்று தினமும் ஓடுகிறவர்கள், டாக்டரிடம் போவதற்கு முன் அன்று காலை ராஜாவுக்கு எவ்வளவு காட்டியது என்று விசாரித்துக்கொண்டு போவது உடம்புக்கு நல்லது.