சோபாவுக்கு அடியில் ஒரு பேனா

எனக்குக் கோபமே வராது என்று அலுவலகத்தில் ஒரு பெயர் உண்டு. அது பொய். கோபம் வரும். ஆனால் அது வந்து சேர்வதற்குள் பயம் வந்து நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துவிடும். கோபம் பாவம், வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் அது பயத்தை எழுப்பிவிட்டு உட்கார்ந்தது. அதுவும் எங்கே? புனேவுக்குப் பக்கத்தில் நிக்டியில், எங்கள் தமிழ் மன்றத்து ஹாலில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, என் கையில் மைக் இருந்தபோது.

மன்றத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் படம் போடுவோம். தாபோடி, சாங்வியிலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வருவார்கள். இங்கிலீஷ் படமாக இருந்தால், திரைக்குப் பக்கத்தில் ஒருவர் மைக்கோடு நின்று, காட்சி ஓட ஓடத் தமிழில் விளக்கம் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு இந்தி வரும், மராட்டி வரும், இங்கிலீஷ் வராது. பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வரும், தமிழ் தடுமாறும். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நான்தான் பாலம். (பாலத்தின் மேல் எல்லோரும் நடப்பார்கள். அதற்கும் நான் பழகியவன்தான்.)

அந்த மாதம் படத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. கோட்டு சூட்டு போட்ட மூன்று ஆண்கள் ஒரு சோபாவில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்கும் போஸ்டர் ஒன்று கண்ணில் பட்டது. 'ஆபீஸ் காமெடி, குடும்பத்தோடு பார்க்கலாம்' என்று முடிவு செய்தேன். முன்கூட்டியே ஒரு தடவை போட்டுப் பார்த்தேனா? இல்லை. அவர்கள் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றாவது யோசித்தேனா? அதுவும் இல்லை.

இது முதல் முட்டாள்தனம். இரண்டாவது, சிறப்பு விருந்தினராக எங்கள் சஞ்சீவ் சாரைக் கூப்பிட்டது.

சாக்கன் பக்கத்தில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் நான் வேலை பார்த்தேன். சஞ்சீவ் சார் அங்கே வைஸ் பிரசிடெண்ட். மும்பையில் வளர்ந்த தமிழர். வெண்ணெய் தடவிய தமிழ், அதைவிட வழவழப்பான இங்கிலீஷ். மீட்டிங்கில் ஒரு ஆளை எழுப்பி நிற்க வைத்து, அவர் அழும் நிலைக்கு வரும்வரை கேள்வி கேட்டுவிட்டு, "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று முடிப்பார். நாங்களும் குடும்பமாகக் கை தட்டுவோம்.

அப்போது பிளாண்ட் மேனேஜர் பதவி காலியாக இருந்தது. போட்டியில் இரண்டு பேர். ஒன்று நான். இன்னொன்று செல்வராஜ். திருநெல்வேலிக்காரன், என்னோடு ஒன்றாக வேலையில் சேர்ந்தவன், அன்றிலிருந்து என் டப்பாவில் பாதியைச் சாப்பிட்டவன். என் பெண் நித்யா பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைவிட அதிகமாக நடந்தவன்.

ஒருநாள் சஞ்சீவ் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். தோளில் கை போட்டார். மேஜையில் இருந்த ஷ்ரூஸ்பரி பிஸ்கட்டை இரண்டாக உடைத்து, பாதியை என் கையில் வைத்தார்.

"பாஸ்கர், உன்னை என் சொந்தத் தம்பி மாதிரி நினைச்சு சொல்றேன். செல்வராஜ்கிட்ட ஜாக்கிரதையா இரு. உன்னைப் பத்தி எங்கிட்ட வந்து என்னென்னமோ சொல்றான். நான் சொன்னேன்னு காட்டிக்காதே. இது நமக்குள்ள இருக்கட்டும்."

வைஸ் பிரசிடெண்ட் கையால் பிஸ்கட்! நான் உருகிவிட்டேன். அன்றிலிருந்து செல்வராஜோடு சாப்பிடுவதை நிறுத்தினேன். அவனும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். 'பார், குற்றமுள்ள நெஞ்சு' என்று நான் என் மூளையை மெச்சிக்கொண்டேன்.

இந்த நிலைமையில்தான் படம்.

முதல் வரிசையில், கல்யாண நாற்காலியில், பொன்னாடையோடு சஞ்சீவ் சார். அவருக்குப் பின்னால் என் மனைவி மாலாவும், அப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த நித்யாவும். கடைசி வரிசையில் செல்வராஜ். அவன் மனைவி மன்றத்தின் பொருளாளர், அதனால் வராமல் இருக்க முடியவில்லை. நடுவில், எந்தப் படமானாலும் திரையோடு பேசும் தாபோடி செண்பகம் அக்கா.

படம் ஆரம்பித்தது. ஒரு பெரிய கம்பெனி. அதில் ஒரு அதிகாரி. அழகாகச் சிரிக்கிறார். "இவர்தான் கதாநாயகன்" என்று கம்பீரமாக அறிவித்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தக் கதாநாயகன், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவனை எல்லோர் முன்னாலும் மண்டி போட வைத்து, நாய் மாதிரி அறையைச் சுற்றி வரச் சொன்னார். சோபாவில் இருந்த மற்ற இருவரும் சிரித்தார்கள். ஆ, போஸ்டர்!

முன் வரிசையைப் பார்த்தேன். சார் ஒரு புருவத்தைத் தூக்கினார். அந்தப் புருவத்தில் பிளாண்ட் மேனேஜர் பதவி தொங்கிக்கொண்டிருந்தது.

"அது… வந்து… சாருடைய பேனா கீழே விழுந்துவிட்டது. எடுக்கச் சொல்கிறார்" என்றேன் மைக்கில்.

"இன்னா பாஸ்கரு," செண்பகம் அக்கா குரல் கொடுத்தார். "ஆளு நாலு கால்ல தவழ்ந்துக்கினு கீறான். பேனா எங்க கீது?"

"சோபாவுக்கு அடியில், அக்கா."

"அதுக்கு ஏன் அந்தப் புள்ள அழுவுது?"

"முட்டி வலி."

சஞ்சீவ் சார் தலையை ஆட்டி ரசித்தார். அவருக்கு இங்கிலீஷும் தெரியும், தமிழும் தெரியும். நான் என்ன செய்கிறேன், யாருக்காகச் செய்கிறேன் என்பது அந்த ஹாலிலேயே அவருக்குத்தான் முழுதாகப் புரிந்தது. என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் பூரித்துப் போய்விட்டேன்.

பிறகு என் கற்பனைக்கு அணை இல்லை. அதிகாரி ஒரு பெண்ணின் முகத்தில் ஃபைலை விட்டெறிந்தார். "மின்விசிறிக் காற்றில் பறந்துவிட்டது." அந்தப் பெண் கழிவறையில் போய் அழுதாள். "பதவி உயர்வு கிடைத்த ஆனந்தக் கண்ணீர்." நித்யா பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்பா, க்யா போல் ரஹே ஹோ? என்ன சொல்றீங்க?" என்று கிசுகிசுத்தாள். மாலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். செண்பகம் அக்கா மட்டும் விடவில்லை. "நல்ல மனுசன்னா அவன் மூஞ்சி ஏன்யா அப்படி கீது?"

அப்புறம் அந்தக் காட்சி வந்தது.

அதிகாரியின் கீழே இரண்டு நண்பர்கள். ஒருவனை அறைக்குக் கூப்பிடுகிறார். கதவைச் சாத்துகிறார். தோளில் கை போடுகிறார். ஒரு கிளாஸில் விஸ்கி ஊற்றிக் கொடுத்து, உன் நண்பன் உன்னைப் பற்றித் தப்பாகப் பேசுகிறான் என்கிறார். அவன் போகிறான். அடுத்தவன் வருகிறான். அதே கதவு. அதே கை. அதே விஸ்கி. அதே வார்த்தை.

நான் மைக்கை மறந்து திரையையே பார்த்தேன். எனக்கு மட்டும்தான் அந்தச் சலுகை என்று நான் நம்பிய தோள் கை, திரையில் ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"சொல்லுய்யா, இன்னா சொல்றான் அவன்?" என்றார் செண்பகம் அக்கா.

அப்போதுதான் வந்தது. இத்தனை வருடம் வாசலோடு திரும்பிப் போனதெல்லாம் சேர்ந்து, வட்டியோடு வந்தது.

"சொல்றேன் அக்கா," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "அவர் பாதி பிஸ்கட் கொடுக்கிறார். 'உன்னை என் சொந்தத் தம்பி மாதிரி நினைச்சு சொல்றேன். அவன்கிட்ட ஜாக்கிரதையா இரு. நான் சொன்னேன்னு காட்டிக்காதே. இது நமக்குள்ள இருக்கட்டும்' என்கிறார்."

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"ஏ பாஸ்கரு!" செல்வராஜ் எழுந்து நின்றான். எத்தனையோ நாள் கழித்து என் பேரைச் சொல்கிறான். "படத்துல ஏதுவே பிஸ்கட்டு? அவன் கிளாஸுல்லா குடுக்கான்!"

"படத்துல இல்ல செல்வா. எனக்குக் குடுத்தார்."

"எனக்குமில்லாவே குடுத்தாரு!"

"பாதியா?"

"பாதிதான்வே!"

ஒரே பிஸ்கட்டின் இரண்டு பாதிகளும் மன்றத்து ஹாலின் இரண்டு முனைகளில் நின்று ஒன்றையொன்று பார்த்தன. யாரோ விளக்கைப் போட்டார்கள். எல்லாத் தலையும் மெதுவாகக் கல்யாண நாற்காலிப் பக்கம் திரும்பியது.

ஒரு சாதாரண மனிதன் அந்த இடத்தில் வேர்த்து விறுவிறுத்திருப்பான். சஞ்சீவ் சார் எழுந்தார். பொன்னாடையைச் சரி செய்தார். திரைப் பக்கம் வந்து, என் கையிலிருந்து மைக்கை வாங்கி, என் தோளில் கை போட்டார்.

"எங்க ஆபீஸ்ல பாஸ்கர்தான் ஜோக்கர். பார்த்தீங்களா, சீரியஸ் படத்தைக்கூட எப்படிக் காமெடி ஆக்கிட்டார்! ஒரு கைத்தட்டு குடுங்க."

கை தட்டினார்கள். எங்கள் ஜனங்கள், எனக்காக, சிரித்துக்கொண்டே கை தட்டினார்கள். இத்தனை வருடம் நான் சொன்ன ஜோக்கையெல்லாம் சேர்த்து வைத்து, நான் உண்மை பேசிய ஒரே ஒரு நிமிடத்தின் மேல் போட்டு மூடிவிட்டார் அந்த மனிதர். இதை இன்று எழுதும்போதும் பேனாவை அழுத்திப் பிடிக்கிறேன். பயத்தில் இல்லை.

செல்வராஜ் மட்டும் தட்டவில்லை. நேராக நடந்து முன்னால் வந்தான். "சார், அந்த பிளாண்ட் மேனேஜர் வேலை யாருக்கு சார்?"

"செல்வராஜ், இது குடும்ப விழா. ஆபீஸ் விஷயம் வேண்டாமே."

"குடும்பம்னா சொல்லலாமே?" என்றார் செண்பகம் அக்கா.

சாருக்கு அவசர போன் ஒன்று வந்துவிட்டது. (மணி அடித்ததை யாரும் கேட்கவில்லை.) கார் போய்விட்டது. பொன்னாடையும் கூடவே போய்விட்டது.

பதவி யாருக்கு என்று சீக்கிரமே தெரிந்தது. இரண்டு பேருக்கும் இல்லை. வெளியிலிருந்து ஒருவர் வந்தார். எங்களுக்குப் பிஸ்கட் உடைப்பதற்கு முன்பே அவரை எடுத்தாகிவிட்டதாம். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையில் எரிந்தது. லாபத்துக்காக ஒருவன் இரண்டு நண்பர்களைப் பிரித்தால், அயோக்கியன் என்று ஒரு பெயராவது வைக்கலாம். இவருக்கு இதில் ஒரு பைசா லாபம் இல்லை. டீ குடிக்கும் நேரத்தில் பார்ப்பதற்கு ஒரு வேடிக்கை வேண்டியிருந்தது. நானும் செல்வாவும் அந்த வேடிக்கை. சோபாவில் உட்கார்ந்து சிரிக்கிற கூட்டத்தைத் தயார் செய்வதற்கு எந்தக் கம்பெனியிலும் தனி டிபார்ட்மெண்ட் தேவையில்லை. எங்களைப் போல பேனா விளக்கம் சொல்ல ஆள் இருந்தால் போதும்.

படம் போட்ட மறுநாளே வேலையை அவர் முகத்தில் வீசிவிட்டு வந்தேன் என்று எழுத ஆசைதான். வீசவில்லை. வழக்கம் போல பஸ் ஏறிப் போனேன். ஆனால் மதியம் கேண்டீனில், சாரின் கண்ணாடி அறைக்கு நேர் எதிர் மேஜையில், செல்வாவும் நானும் டப்பாவைத் திறந்தோம். என் புளிசாதத்தில் பாதியை எடுத்துக்கொண்டு அவன் கேட்டான்: "ஏம்வே, ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லா?"

"நீ கேட்டியா?"

"கேக்கலையே." இன்னொரு வாய் எடுத்துக்கொண்டான். "பிஸ்கட்டு நல்லாத்தாம்வே இருந்துச்சு. அதான் வயித்தெரிச்சல்."

சஞ்சீவ் சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரிய பதவியோடு வெளிநாடு போய்விட்டார். படங்களில்தான் இவர்களுக்குக் கடைசிக் காட்சியில் ஏதாவது ஆகும். (அந்தப் படத்திலும் ஒன்றும் ஆகவில்லை என்று பின்னால் முழுதாகப் பார்த்த நித்யா சொன்னாள்.)

எங்கள் வீட்டில் அந்தப் பேனா மட்டும் இன்னும் கீழே விழுந்துகொண்டே இருக்கிறது. யாருடைய அக்கிரமத்துக்காவது நான் லேசாகச் சப்பைக்கட்டு கட்ட ஆரம்பித்தால் போதும், மாலா சமையலறையிலிருந்து கேட்பாள்: "பேனா எங்கங்க இருக்கு?" செல்வா வந்திருந்தால் அவன் சோபாவுக்கு அடியில் குனிந்தே பார்ப்பான்.

நித்யா இப்போது ஹிஞ்சவாடியில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே செய்தி வாசிப்பாள்: "இன்னிக்கு எங்க டீம்ல ஒருத்தர் பேனா எடுத்தார்ப்பா." நாங்கள் சிரிப்போம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

போன மாதம் ஒருநாள் வந்தவள் நேராகச் சமையலறைக்குப் போனாள். தண்ணீர் குடித்தாள். பிறகு, "இன்னிக்கு எனக்குப் பேனா விழுந்துச்சுப்பா" என்றாள். அவளுடைய மேனேஜர், தான் செய்த தப்புக்கு இவளை டீம் முன்னால் மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறார். உன்னை என் தங்கை மாதிரி நினைத்துச் சொல்கிறேன் என்று வேறு சேர்த்தாராம்.

எனக்கு வழக்கம் போல பயம்தான் முதலில் வந்து உட்கார்ந்தது. "நீ என்னம்மா சொன்ன?"

"'குனிஞ்சு நீங்களே எடுத்துக்கோங்க சார்'னு சொன்னேன்."

"தமிழ்லயா? அவருக்குப் புரியாதே!"

"அதான், இங்கிலீஷ்லயும் ஒரு தடவை விளக்கம் சொன்னேன்," என்றாள் என் பெண். "எதையும் மாத்தாம."