இப்படிக் குடுங்கம்மா!

நல்லவர்களால் வரும் தொல்லைகளை வரிசைப்படுத்தினால், முதல் வரிசையில் நடு நாற்காலி ஒருவருக்குத்தான். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் இப்படிக்குடுவார். கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு "இதை எப்படி..." என்று நீங்கள் வாயைத் திறந்தால் போதும், வாக்கியம் முடிவதற்குள் "இப்படிக் குடுங்க" என்று வாங்கி, நாலு தட்டுத் தட்டி, "ஆச்சு, இந்தாங்க" என்று நீட்டிவிடுவார். கேட்டது 'எப்படி.' கிடைத்தது 'இந்தாங்க.' இதற்கு நன்றி வேறு சொல்லித் தொலைக்க வேண்டும்.

இந்த இனத்தார் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள், சகித்துக்கொள்கிறோம். நான் சொல்ல வந்தவரோ, கிராமத்துப் பெண்களுக்குக் கணினியும் கைப்பேசியும் கற்றுக்கொடுப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதை எங்கும் உண்டல்லவா?

பால் சங்கத்தின் மாடி அறை. வாரத்தில் மூன்று நாள், பிற்பகல் மூன்று மணிக்கு வகுப்பு. பள்ளிக்கூடம் முடித்த பெண்ணிலிருந்து பேரன் எடுத்தவர் வரை பதினாறு பேர், போட்டது போட்டபடி வீட்டை விட்டுவிட்டு, "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்ற கேள்வியை வாசலிலேயே உதறிவிட்டு, படியேறி வந்து உட்காருவார்கள். நம்மவர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "பயப்படாதீங்கம்மா, இது ஒண்ணும் கம்ப சூத்திரம் இல்ல." பயப்பட அவர்களுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் அவரே செய்தார்.

"சார், இந்த போட்டோவ எப்படி..."

"இப்படிக் குடுங்கம்மா."

"இல்ல சார், நானே..."

"உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்?"

ஆறு வாரத்தில் பதினாறு பேரும் ஒரு கலையில் தேறிவிட்டார்கள். கைப்பேசியைக் கை நீட்டிக் கொடுப்பதில்.

பதினாறு பேருக்கும் மின்னஞ்சல் கணக்கு தொடங்கினாரே, அதுவும் வகுப்பறைக் கணினியில், அவர் விரலால்தான். பாஸ்வேர்டு? "நீங்க மறந்துடுவீங்க. அது என்கிட்டயே பத்திரமா இருக்கட்டும்." வீட்டுச் சாவியை ஒருவர் இப்படி வாங்கி வைத்துக்கொண்டால் ஊர் சும்மா விடுமா? இவருக்குக் கைதட்டினார்கள்.

அவருக்கு விருதும் வந்தது. பெண்களைச் சொந்தக் காலில் நிற்க வைத்ததற்காக. விருது வாங்கப் போன அன்று வகுப்புக்கு ஒரு கட்டளை போட்டுவிட்டுப் போனார்: "எல்லாரும் வந்து பழகுங்க. ஆனா எதையும் தொட்டுடாதீங்க."

பதினாறு பேரும் வந்து, கணினியைத் தொடாமல் பழகிக்கொண்டிருந்தபோது, நாலு மணி பத்து நிமிடத்துக்கு அவர்களில் ஒருவரான தையல்காரம்மாவுக்குப் போன் வந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட எழுத்தர். இருநூற்று நாற்பது பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கும் வேலை தையல்காரம்மாவுக்கே கிடைத்திருந்தது. "மெயில் போட்டிருக்கோம்மா. அஞ்சு மணிக்குள்ள அதுக்குச் சம்மதம்னு பதில் வரணும். வரலேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

எட்டு வருஷமாகக் கிழிசலும் பொத்தானுமாகவே தைத்துக் கை மரத்துப்போனவர். இந்த வேலை கிடைத்தால் இன்னொரு மிஷின் போட்டுத் தங்கையையும் கூட உட்கார வைக்கலாம் என்று விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். உடனே சாருக்குப் போன் அடித்தார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மேடையில் அல்லவா இருந்தார்!

மெயிலைத் திறக்கப் போனால் கணினி பாஸ்வேர்டு கேட்டது. மூன்று முறை தப்பாகப் போட்டால் ஒரு நாள் பூட்டிக்கொள்ளும் என்றும் மிரட்டியது. சாரின் பெயரைப் போட்டார்கள். இல்லை. பயிற்சி மையத்தின் பெயரைப் போட்டார்கள். இல்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு முறை.

"அடியே, அங்க பாரு," என்றார் வகுப்பில் கூடப் படிக்கும் பால் அளக்கும் அக்கா.

எல்லாரும் கரும்பலகையைப் பார்த்தார்கள். ஆறு வாரத்தில் அதில் எழுதப்பட்ட ஒரே பாடம் அழியாமல் இருந்தது. 'இன்று உங்கள் சாரின் பிறந்த நாள்.' கீழே அவர் பிறந்த நாள், மாதம், வருஷம், அவர் கையெழுத்திலேயே.

தையல்காரம்மா ஒற்றை விரலால் எண்களைத் தேடத் தொடங்கினார். மணி நாலரையைத் தாண்டியது. பொறுக்கமாட்டாமல் பால் அளக்கும் அக்கா கையை நீட்டி, "இப்படிக் கு..." என்றவர், நாக்கைக் கடித்துக்கொண்டு கையை இழுத்துக்கொண்டார். "நீயே அடிடி. மெதுவா."

திறந்துகொண்டது! 'சம்மதம்' என்ற ஐந்து எழுத்தை அடிக்க ஆறு நிமிடம் பிடித்தது. நாலு ஐம்பத்தொன்றுக்குப் போய்ச் சேர்ந்தது. பதினைந்து பேரும் அவரைக் கட்டிக்கொண்டு குதித்ததில் கீழே பால் கேன்கள் அதிர்ந்தனவாம். பிறகு தலையெல்லாம் சேர்ந்து, திரையில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்து, எல்லாருடைய கணக்கும் அதே பிறந்த நாளுக்குத் திறக்கவே, ஆளுக்கு ஆள் பாஸ்வேர்டை மாற்றினார்கள்.

அடுத்த வகுப்புக்குச் சார் கேடயத்தோடு வந்தார். விஷயத்தைக் கேட்டு மகிழ்ந்தார். நிஜமாகவே மகிழ்ந்தார்.

"நல்ல வேலை பண்ணீங்கம்மா. புதுசா என்ன பாஸ்வேர்டு வச்சீங்க? சொல்லுங்க, எழுதி வச்சுக்கறேன். மறந்துடுவீங்க."

"மறக்க மாட்டேன் சார்."

"அப்ப போனை இப்படிக் குடுங்க, நானே..."

தையல்காரம்மா போனை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். "வேணாம் சார். நீங்க முதல்ல உங்க பாஸ்வேர்டை மாத்திடுங்க. பிறந்த நாள்தானே வச்சிருக்கீங்க? எங்க பதினாறு பேருக்கும் தெரியும்."

சார் அன்றைக்கு முதல் வேலையாகக் கரும்பலகையை அழித்தார். அன்றுதான் அதில் பாடம் எழுத இடம் கிடைத்தது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் உங்கள் அம்மா பக்கத்தில் வந்து நின்று, "இந்த போட்டோவ சித்திக்கு எப்படி அனுப்பறது?" என்று கேட்டார்களே, நாலு நொடியில் அனுப்பிவிட்டீர்களே, அவர்கள் கேட்டது என்ன, நீங்கள் கொடுத்தது என்ன? அவசரமில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பதில் சொல்லுங்கள்.